நம் படங்கள் நம் வீட்டில் இருக்கட்டும்

குடும்பப் படங்களை எங்கே வைப்பது? இன்றைய அரங்கில் நான் பேச வந்தது இதைத்தான்.

நான் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். பாட்டி கொழுந்து பறித்தவர். வீட்டில் இருந்த படங்கள் மொத்தம் 11. தகரப் பெட்டியில், கூறைச் சேலைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார். மலை ஈரம் விடுமா? பூஞ்சை பிடித்து, தாத்தாவின் முகம் இருந்த இடம் வெள்ளையாகிவிட்டது. அவருக்கு இருந்தது அந்த ஒரு படம்தான் என்று நினைத்திருந்தோம்.

1929-இல் ஜே. ஏ. ரஸல் இம்மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அவர் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. செடி நட்டவர்கள், கூடை சுமந்தவர்கள் முகம் எங்கே இருக்கிறது? இப்படிப்பட்ட தகரப் பெட்டிகளில்தான்.

"இப்போதுதான் எல்லாம் இணையத்தில் இருக்கிறதே" என்பீர்கள். லய வீட்டை நினைத்துப் பாருங்கள். சாவி நம் கையில். வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். இணையத்தில் நம் படங்களும் அப்படித்தான் குடியிருக்கின்றன.

பிரெண்ட்ஸ்டர் ஞாபகம் இருக்கிறதா? 2009-இல் அதை ஒரு மலேசிய நிறுவனமே வாங்கியது. 2011-இல், பழைய படங்கள் அழிக்கப்படும், அதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பு வந்தது. கூகுள் போட்டோஸ் 2015-இல் அளவில்லாமல் இலவசம் என்றது. 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை இல்லை. மின்னஞ்சலையும் சேர்த்து 15 ஜிகாபைட்தான் இலவசம். ஒரு படம் 4 மெகாபைட் என்றால், ஏறக்குறைய 4,000 படங்களில் இடம் தீர்ந்துவிடும். அவர்கள் செய்தது குற்றம் என்று நான் சொல்லவில்லை. வீடு அவர்களுடையது.

அதனால் தம்பியும் நானும் ஒரு பழைய மடிக்கணினியை எடுத்தோம். அதில் லினக்ஸ் போட்டு, 2022-இல் தொடங்கப்பட்ட இம்மிச் என்ற இலவச மென்பொருளை நிறுவினோம். அதுதான் எங்கள் வீட்டு சர்வர். கைப்பேசியில் எடுக்கும் படம், வீட்டு வைஃபையில் தானாக அதற்குள் போய்விடும். 1 டெராபைட் டிஸ்க்கில் இரண்டரை லட்சம் படங்கள் வரை வைக்கலாம். 15 வாட் இழுக்கும் இயந்திரம் நாள் முழுக்க ஓடினாலும் அரை யூனிட் மின்சாரம் ஆகாது.

சொந்த வீடு என்றால் கூரையை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் வருடமே இடி மின்னலில் எங்கள் டிஸ்க் போனது. ரிங்லெட்டில் இருக்கும் அத்தை வீட்டில் இன்னொரு படி இருந்ததால் தப்பித்தோம். மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில். இந்த விதியை மறக்காதீர்கள். சர்வரை இணையத்துக்கு நேராகத் திறந்து விடாதீர்கள். வெளியூரிலிருந்து பார்க்க விபிஎன் வழியாக வாருங்கள். மென்பொருளை அவ்வப்போது புதுப்பியுங்கள். இதற்கெல்லாம் நேரம் இல்லை என்றால், இணையத்தில் இருப்பதை வெளி டிஸ்க் ஒன்றிலாவது படியெடுத்து வையுங்கள்.

அந்த அத்தையின் பெட்டியிலிருந்த பழைய படங்களையும் ஸ்கேன் செய்து ஏற்றினோம். ஒரு கல்யாணப் படத்தில், கடைசி வரிசையில், தலைப்பாகையோடு ஒருவர். மென்பொருள் முகங்களைப் பிரித்து அடுக்கும். ஆனால் பெயர் அதற்குத் தெரியாது. திரையைப் பெரிதாக்கிக் காட்டினேன். பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"உங்க தாத்தாதான்மா. அந்தத் தலப்பா நான் கட்டிவிட்டது" என்றார்.

பெயரை அப்போதே எழுதிச் சேர்த்தேன். பக்கத்தில் நின்ற ஆறு பேரின் பெயரையும் பாட்டியே சொன்னார்.

நேயர்களே, டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். பெயர் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே பெட்டியைத் திறந்து, அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள்.