கல்லெறிந்தவனும் கைகட்டி நின்றவனும்

(திருகோணமலையில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



"வீதியில் இறங்கும் இனவெறியும் அதனை எதிர்ப்போரும்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு கூட்டத்தை ஒழுங்கு செய்த அன்பர்கள் என்னைப் பணித்திருக்கிறார்கள். கொழும்பிலே இத்தலைப்பில் பேசுவதானால் விளக்கம் சொல்லவேண்டும். திருகோணமலையிலே நினைவூட்டினாலே போதும். ஆகவே ஒரு பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். பழையதென்றாலும், நமது துறைமுகத்து வாசலிலே பிறந்த கதை அது.

1957ஆம் ஆண்டு ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை இத்துறைமுகத்தை இலங்கை அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போயிற்று. வெள்ளைக்காரன் போனான் என்று நாடு மகிழ்ந்தது, மகிழவேண்டியதுதான். ஆனால் அவனுடைய கப்பற்பட்டறையிலே சுத்தியலும் அரமும் பிடித்து வயிறு வளர்த்த தொழிலாளர் குடும்பங்களின் அடுப்பு அணைந்துபோயிற்று. வேலையிழந்த தமிழ்க் குடும்பங்கள் ஏறத்தாழ நானூறைப் பதவியாக் குடியேற்றத் திட்டத்திலே அமர்த்துவதென்று அரசாங்கமே தீர்மானித்தது. குளத்து நீர், வயற்காணி, ஒரு குடிசை. இதற்குமேல் அந்த மக்கள் எதையும் கேட்கவில்லை.

நடந்தது என்ன? அக்குடும்பங்கள் மூட்டை கட்டி முடிப்பதற்குள், பிக்கு ஒருவரை முன்னிறுத்திக்கொண்டு ஒரு கூட்டம் பதவியாவிற்குள் புகுந்தது. காட்டை வெட்டியது, கொட்டில் போட்டது, "தமிழன் இங்கே வரக்கூடாது" என்றது. அரசாங்கத்தின் நிலத்தை அரசாங்கத்தின் கண்முன்னாலே பிடித்தவர்களை அரசாங்கம் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. துறைமுகத் தொழிலாளிக்குக் கொடுத்த வாக்கு காற்றிலே போயிற்று. அத்துமீறி வந்தவன் நிலைத்துவிட்டான்.

அதே காலத்திலே கொழும்பில் நடந்ததையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். 1957 யூலையிலே பண்டாரநாயக்கா அவர்களும் செல்வநாயகம் அவர்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை, 1958 ஏப்ரல் 9ஆம் நாள், பிரதமர் தமது இல்லத்தின்முன் வந்து அமர்ந்த பிக்குகள் கூட்டத்திற்கு அஞ்சிக் கைவிட்டார். பதவியாவில் ஒரு கூட்டம் வென்றது. ரோஸ்மீட் பிளேசிலே இன்னொரு கூட்டம் வென்றது. ஆறு வாரங்கள் கழித்து, மே மாதம் 22ஆம் நாள், பொலன்னறுவை ரயில் நிலையத்திலே தமிழ்ப் பயணிகள் இருப்பார்கள் என்று கருதிய ரயிலைத் தாக்கினார்கள். 27ஆம் நாள் அவசரகாலச் சட்டம் பிரகடனமாகும்போது நாடு எரிந்துகொண்டிருந்தது. தம்மை அரியணையேற்றிய அதே பிக்கு முன்னணியின் முதன்மையானவர் ஒருவர் செய்த சதியினாலே, மறு ஆண்டு செப்டம்பரில், பிரதமரும் சுட்டுக்கொல்லப்பட்டார். வளர்த்த கடா மார்பிலே பாய்ந்தது என்று நம்மவர் அன்று சொன்னார்கள். எனக்கு அதிலே மகிழ்ச்சி இல்லை. இந்தக் கடா யார் வீட்டுப் புல்லைத் தின்று வளர்ந்தது என்பதையே நான் கேட்கிறேன்.

ஏனென்றால், அன்பர்களே, காடையனை நாம் வீரனென்று நினைத்துப் பயப்படுகிறோம். அவன் வீரனல்லன், கணக்குப் பார்ப்பவன். பொலிஸ்காரரின் கை லத்தியிலே இருக்கிறதா, சட்டைப் பைக்குள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவன் கல்லைக் குனிந்து எடுக்கிறான். 1956 யூன் 5ஆம் நாள் காலிமுகத் திடலிலே சத்தியாக்கிரகிகளை அடித்தவர்கள் இந்தக் கணக்கைச் சரியாகப் பார்த்தார்கள். பொலிசார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தலையிலே கட்டோடு அமிர்தலிங்கம் அவர்கள் பாராளுமன்றத்துக்குள் நுழைந்தபோது, நாட்டின் பிரதமர் அந்தக் காயத்தைக் கேலி செய்தார். அடித்தவனுக்கு அதைவிட உறுதியான அனுமதிப்பத்திரம் வேறு வேண்டுமா?

நம்மூருக்கு வருவோம். 2005 மே மாதத்தில் ஓர் இரவிலே மத்திய பஸ் நிலையத்தருகே புத்தர் சிலையொன்று முளைத்தது. புத்தர்மீது நமக்குப் பகையில்லை. மணிமேகலையைப் பெற்ற மொழி நமது மொழி. அனுமதியின்றி, இரவோடிரவாக, பிறர் வாழும் இடத்திலே எல்லைக்கல்லைப்போல ஒரு சிலையை நாட்டுவது வழிபாடா என்பதுதான் கேள்வி. மக்கள் கடையடைத்தார்கள். முள்கம்பிக்குள்ளே, துப்பாக்கிக் காவலோடு, அன்பின் வடிவமானவர் அங்கேயே இருத்தப்பட்டார். அந்த எதிர்ப்பை முன்னின்று நடத்திய திருகோணமலை மாவட்டத் தமிழ் மக்கள் பேரவையின் தலைவர் விக்னேஸ்வரன் அவர்கள் 2006 ஏப்ரல் 7ஆம் நாள் பட்டப்பகலிலே சுட்டுக்கொல்லப்பட்டார். ஐந்து நாள் கழித்துச் சந்தையிலே குண்டு வெடித்தது. அதிலே இறந்தவர்கள் எல்லா இனத்தவரும்தான். அதை வைத்தவர்களை நான் மன்னிக்கவில்லை. ஆனால் குண்டு வெடித்த சிறிது நேரத்திற்குள்ளே வாளும் பொல்லும் ஏந்திய கூட்டம் தமிழர் கடைகளுக்குத் தீ வைக்கத் தொடங்கிவிட்டது. பொலிசாரும் படையினரும் நெடுநேரம் தடுக்காமல் நின்றார்கள் என்று மனித உரிமை அமைப்புக்கள் எழுதிவைத்திருக்கின்றன. இதைச் சொல்லும்போது இங்கே முன்வரிசையிலிருக்கும் சிலர் தலைகுனிவதைக் காண்கிறேன். அவர்களுடைய கடைகள் எவை என்று எனக்குத் தெரியும், மேலே பேசவில்லை.

இப்படியே சொல்லிக்கொண்டு போனால் இது ஒப்பாரியாகிவிடும். எதிர்த்து நின்றவர்கள் கதைக்கு வருகிறேன்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளை அறியாதவர் இங்கே இல்லை. தாய்க்குக் கடன் செலுத்த இராவணன் உண்டாக்கியதென்று நம் பாட்டிமார் சொன்ன ஏழு கிணறுகள். அருகே இடிந்துபோன பிள்ளையார் கோயில். அந்தக் கோயில் இருந்த மேட்டிலே விகாரை எழுப்பும் வேலை தொடங்கிற்று. 2019 யூலை 16ஆம் நாள் அடியார்கள் பல ஊர்களிலிருந்தும் அங்கே வழிபடச் சென்றார்கள். பொலிசார் வழிமறித்தார்கள். பேச்சுவார்த்தைக்கென்று உள்ளே அழைக்கப்பட்ட தென்கயிலை ஆதீன முதல்வர்மீதும், கோயில் நிலத்தின் உரிமையாளரான அம்மையார்மீதும், பொலிசார் பக்கத்திலே இருக்க, சுடுதேநீரை வீசினார்கள். நினைத்துப் பாருங்கள்: காவியுடுத்த துறவி, வயது முதிர்ந்த பெண்மணி!

அன்றைக்கு வெளியே நின்ற அடியார் கூட்டம் பெரிது. ஒரு கல் போதும். ஒரேயொரு இளைஞன் நிதானமிழந்து ஒரு கல்லை எடுத்திருந்தால், மறுநாட் பத்திரிகைகளில் கன்னியாவின் செய்தி தலைகீழாக வந்திருக்கும். காவலுக்கு நின்ற துப்பாக்கிகளுக்கும் வேலை கிடைத்திருக்கும். அந்தக் கல் எறியப்படவில்லை. அடியார்கள் வீதியிலேயே இருந்து தேவாரம் பாடினார்கள். ஆறு நாள் கழித்து, யூலை 22ஆம் நாள், திருகோணமலை மேல் நீதிமன்றத்திலே அந்த அம்மையாரின் வழக்கு எடுக்கப்பட்டது. நீதிபதி இளஞ்செழியன் அவர்கள் விகாரை கட்டுவதைத் தடுத்தும், தமிழ் மக்கள் வழிபடத் தடையிருக்கக்கூடாதென்றும் இடைக்காலக் கட்டளை வழங்கினார். கட்டளையொன்றினால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. கன்னியாவின் வழக்கை அறிந்த சட்டத்தரணிகள் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் சிரிப்பார்கள். ஆயினும் அந்த அம்மையாரிடம் காணி உரிமைப் பத்திரம் இருந்தது என்பதை மட்டும் மனத்திலே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருவேன்.

எதிர்த்து நின்றவர்கள் நம்மவர் மட்டுமா? 2012இல் பொதுபல சேனா தோன்றியது. 2013இல் மகரகமையிலே கூட்டம் கூட்டி ஹலால் முத்திரைக்கெதிராக முழங்கியது. 2014 யூன் 15ஆம் நாள் அளுத்கமையில் அதன் கூட்டம் முடிந்த கையோடு முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அந்த இயக்கத்தைத் துணிந்து கண்டித்தவர் வட்டரக்க விஜித தேரர் என்னும் சிங்களப் பௌத்த பிக்கு. அவர் கொழும்பிலே நடத்திய பத்திரிகையாளர் சந்திப்புக்குள் புகுந்து அவரை மிரட்டினார்கள். அளுத்கமை எரிந்த அதே வாரத்தில், கை கால் கட்டப்பட்டு, அடிபட்டு, பாணந்துறையிலே வீதியோரத்தில் கிடந்தார். பொலிசார் யாரைப் பிடித்தார்கள் தெரியுமா? அவரைத்தான்! தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்டு பொய் முறைப்பாடு செய்தாராம். மறுபுறம், நீதிமன்றத்தை அவமதித்ததற்காக 2018இல் சிறை சென்ற ஞானசார தேரருக்கு 2019 மே மாதத்திலே ஜனாதிபதியின் மன்னிப்புக் கிடைத்தது. 2021இலே "ஒரே நாடு ஒரே சட்டம்" என்ற செயலணிக்குத் தலைமைப் பதவியும் கிடைத்தது. 2024 மார்ச்சில் நீதிமன்றம் அவருக்கு மீண்டும் தண்டனை விதித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நீதிமன்றம் கட்டினதை அரண்மனை அவிழ்க்கிறது; இதுவே நமது நாட்டின் வழக்கம்.

சிங்கள மக்கள் யாவரும் இனவெறியர் என்று பேசுகிறவர் விஜித தேரரின் காயத்தை ஒருமுறை நினைக்கட்டும். இடதுசாரிகளையும் நினைக்கட்டும். 1956இலே தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர்கள் அவர்கள். அதே கட்சிகள் பத்தாண்டு கழித்து, 1966 சனவரி 8ஆம் நாள், தமிழ்மொழி ஒழுங்குவிதிகளுக்கெதிரான ஊர்வலத்திலே போய் நின்றார்கள் என்பதும் உண்மை. நட்பென்பது பயிரைப்போன்றது, கமக்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை, ஒரு போகம் கவனிக்காமல் விட்டால் களைதான் மிஞ்சும்.

கடல்கடந்த ஒரு துறைமுகத்துக் கதையைச் சொல்ல அனுமதியுங்கள். இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதி. 1936 ஒக்டோபர் 4ஆம் நாள் மொஸ்லி என்பவர் தமது கருஞ்சட்டைப் படையை யூத மக்கள் வாழும் தெருக்களினூடே நடத்திச் செல்ல வந்தார். ஆயிரக்கணக்கான பொலிசார் அவருக்கு வழியமைத்துக் கொடுத்தார்கள். கேபிள் வீதியிலே யூதத் தையற்காரரும் ஐரிஷ் துறைமுகத் தொழிலாளரும் தோளோடு தோள் நின்று மறித்தார்கள். மொஸ்லி திரும்பிப் போனார். எப்படி இந்த ஒற்றுமை வந்தது? 1912இலே துறைமுக வேலைநிறுத்தத்தின்போது, பட்டினி கிடந்த தொழிலாளரின் குழந்தைகளை யூதக் குடும்பங்கள் தம் வீடுகளுக்கு அழைத்துச் சோறு போட்டன. இருபத்துநான்கு ஆண்டுக்கு முன் இட்ட சோறு வீதியிலே வந்து நின்றது! அந்த ஆண்டு முடிவதற்குள் அரசியற் சீருடையைத் தடுக்கும் சட்டமும் வந்தது. எல்லாம் இனிதே முடிந்ததென்று நான் சொல்லமாட்டேன். மறு வாரமே யூதர் கடைக் கண்ணாடிகளை உடைத்துப் பழி தீர்த்தார்கள்.

இந்தக் கதையை வைத்துக்கொண்டு நம்மையே ஒரு கேள்வி கேட்போம். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் வாழ்பவர் ஏறத்தாழ 3,79,000 பேர். பத்துப் பேரிலே நால்வர் முஸ்லிம்கள், மூவர் தமிழர், எஞ்சியோர் பெரும்பாலும் சிங்களவர். முஸ்லிம் சகோதரரின் பிள்ளைக்கு நாம் எப்பொழுது சோறு போட்டோம்? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைத் தமிழர் கையிலிருந்த துப்பாக்கியே துரத்தியபோது நம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? 2019 மே மாதத்தில் வடமேற்கிலே பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டபோது, "அவர்களுக்கு வேண்டும்" என்று சொன்ன வாய்களை இந்நகரத்துத் தேநீர்க் கடையிலே நான் கேட்டேன். 2018இல் இவ்வூர்ப் பாடசாலையொன்றிலே ஆசிரியைகளின் உடைபற்றி எழுந்த பிணக்கில் எது நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அதைப் பேசித் தீர்க்கவேண்டிய அறையை விட்டு, பதாகையோடு வாசலிலே போய் நின்றோமே, அது யாரிடம் கற்ற பாடம்? மதத்தின் பெயரால் வீதிச் சேனை கட்டும் வித்தையை அயல்நாட்டிலிருந்து இரவல் வாங்கிவரச் சிலர் புறப்பட்டிருக்கிறார்கள். அந்தச் சரக்கு இத்துறைமுகத்திலே இறங்க விடக்கூடாது.

2023 செப்டம்பரிலே திலீபன் நினைவூர்தி திருகோணமலைக்கு வரும் வழியிலே தாக்கப்பட்டது. பாராளுமன்ற உறுப்பினர் கஜேந்திரன் அவர்கள் அடிபட்டார். 2025 நவம்பர் 16ஆம் நாள் நமது கடற்கரையோரத்திலே மீண்டும் ஒரு சிலை. அன்றிரவு பொலிசார் அதனை அகற்றினார்கள். ஆகா, காலம் மாறிவிட்டதே என்று நம்மிற் சிலர் நினைத்தார்கள். மறுநாளே அது திரும்பி வந்துவிட்டது. பதவியாவின் பாடம் அரசாங்கத்துக்கு இன்னும் மனப்பாடமாகவே இருக்கிறது. நாளை வேறோர் இடத்திலே இன்னொன்று வரும். வரும்போது இளைஞர்களுடைய இரத்தம் கொதிக்கும். அந்தக் கொதிப்பைத்தான் அவர்கள் எதிர்பார்த்திருக்கிறார்கள், தம்பிமாரே! நீங்கள் எறியும் முதற் கல்லுக்காக அவர்களுடைய படப்பெட்டி காத்திருக்கிறது.

ஆகவே செய்யவேண்டியதைச் சொல்லி அமர்கிறேன். இனிமேல் நாம் நடத்தும் எந்த ஊர்வலத்திலும் தொண்டர்கள் இருபுறமும் நிற்பார்கள். கையிலே கைத்தொலைபேசி இருக்கும், கொடிக்கம்புகூட இராது. யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், எந்த உத்தியோகத்தர் பார்த்துக்கொண்டு நின்றார் என்று அன்றன்றே எழுதி ஒப்பமிட்டு வைக்கவேண்டும். இதற்குப் பெயர் கொடுக்க விரும்பும் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் வைத்தியர்களும் வாசலிலுள்ள மேசைக்கு வருக. மூதூரிலும் கிண்ணியாவிலும் உள்ள பள்ளிவாசல் நிர்வாகத்தாரை நாமே சென்று காணவேண்டும். அவர்கள் வரட்டும் என்று இருந்தது போதும். சேருவிலவிலும் கந்தளாயிலும் நம்மோடு பேச விரும்பும் சிங்களக் கமக்காரர் இருக்கிறார்கள். உரவிலையும் தண்ணீரும் அவர்களுக்கும் நமக்கும் ஒரே கவலை.

திரியாய், குச்சவெளி, தென்னமரவாடிப் பக்கத்துக் கமக்காரருக்கு ஒரு வார்த்தை. கன்னியா அம்மையாரின் பத்திரத்தைச் சொன்னேனல்லவா? 2020இலே கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கென்று செயலணியொன்று அமைத்தபோது அதிலே ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் வயலுக்கு வந்து எல்லைக்கல் நாட்டும்போது வாய்ச்சண்டை பயன்படாது. உறுதி, பெர்மிட், வரி கட்டிய பற்றுச்சீட்டு, வட்டவிதானை எழுதிய பழைய துண்டு எதுவானாலும் எடுத்து வாருங்கள். வருகிற ஞாயிறு காலை இதே மண்டபத்திலே சட்டத்தரணிகள் இருப்பார்கள். பிரதியெடுக்கும் செலவு எங்களுடையது. மூலப் பத்திரத்தை மட்டும் எவரிடமும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், எங்களிடமும்கூட.