அம்மா வீட்டுக்கு வருகிற மகள்

பேச்சு முறிந்த தாயிடம் மகள் திரும்பி வந்தால், "சொத்துக்காக வந்திருக்கிறாள்" என்று ஊர் சொல்லும். சொல்லட்டுமே! நாஞ்சில் நாட்டில் குடும்பங்களை நெடுங்காலம் அலைக்கழித்ததே சொத்துதான். இங்குள்ள வேளாளரிடையே மருமக்கள்வழி இருந்தபோது, கணவர் சொத்து அவருடைய சகோதரி பிள்ளைகளுக்குப் போகும். மனைவி மக்களுக்கு உகந்துடைமை என்ற சிறு பங்குதான். கவிஞர் கவிமணி அதை எள்ளி நகையாடி ‘மருமக்கள்வழி மான்மியம்’ என்ற நூலை எழுதினார். அந்த முறையை மாற்ற 1926-இல் திருவிதாங்கூர் அரசின் சட்டம் வந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமையைத் தமிழகம் 1989-இல் தந்தது, நாடு முழுவதும் 2005-இல் வந்தது.

பங்கு கேட்டால் பாசம் போய்விடாதா என்பார்கள். வயல்கள் மனைகளாகிவிட்ட ஊரில், கேட்காமல் மனத்துக்குள் வைத்திருப்பதுதான் அதிகம் பிரிக்கிறது. பெற்றோரைப் பராமரிக்கும் கடமையை 2007-ஆம் ஆண்டுச் சட்டம் மகளுக்கும் வைத்திருக்கிறது. கடமை மட்டும் அவளுக்கு, உரிமை அண்ணனுக்கா? சட்டத்தால் பாசம் வராது, உண்மைதான். பங்குப் பேச்சை முதலில் முடித்துவிட்டால், மற்றதை அம்மாவும் மகளும் பேசிக்கொள்வார்கள்.