சைக்கிள் பூட்டிய கணக்கு

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்பது தமிழர் வாய்மொழி. இறங்கிய பின்னரே செலவின் ஆழம் தெரியும் என்பது அதன் கருத்து. மனக் கணக்கிலே நூறாக இருந்தது கைக் கணக்கிலே முந்நூறாக வந்து நிற்கும். சப்பிரகமுவ மலைச்சாரலில் உள்ள தோட்டங்களிலே வாழ்வோர் இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ‘சைக்கிளைப் பூட்டிப் பார்’ என்பதே அது.

கடை வாசலில் நிற்கும் புதிய துவிச்சக்கர வண்டியை விலை பேசி வாங்குவது வேறு. பழைய இரும்புச் சட்டம் ஒன்றை வைத்துக்கொண்டு, சில்லை ஓரிடத்திலும் செயினை ஓரிடத்திலும் இருக்கையை இன்னோரிடத்திலும் தேடி, தனக்கென்று ஒரு வண்டியைப் பூட்டி எடுப்பது வேறு. செல்வம் மிகுந்த நாடுகளிலே பலர் இதனைப் பொழுதுபோக்காகச் செய்கின்றனர். எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும், இறக்குவானையிலும் காவத்தையிலும் இது பொழுதுபோக்கன்று, தேவை.

இந்த மாவட்டங்களின் அமைப்பை அறிந்தோருக்கு அத்தேவை நன்கு விளங்கும். மேட்டிலே தேயிலை, தாழ்விலே இறப்பர், இடையிடையே லயங்கள். லயத்திலிருந்து பெருந்தெருவுக்கு வர ஒன்றிரண்டு மைல் இறங்க வேண்டும். வைத்தியசாலையும் தபாற் கந்தோரும் உயர்தர வகுப்புள்ள பாடசாலையும் பெரும்பாலும் பட்டணத்திலேயே உள்ளன. அவிசாவளையிலிருந்து இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்கை வரை ஓடிய சிறிய இருப்புப்பாதையும் 1976இல் மூடப்பட்டுவிட்டது. அதன் பின்னர் பஸ் வண்டி அல்லது கால்நடை என்பதே இப்பகுதி மக்களின் வழியாயிற்று.

இறப்பர்த் தோட்டத்துக்கும் சைக்கிளுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1876இல் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள் கம்பகாவுக்கு அருகே ஹெனரத்கொடைத் தோட்டத்திலே நடப்பட்டன. 1888இல் பெல்பாஸ்ற் நகரிலே டன்லப் என்பார் காற்றடைத்த டயரைச் செய்தார். முதலிலே சைக்கிளும் பின்னர் மோட்டார் வண்டியும் பெருகவே, களனிப் பள்ளத்தாக்கின் சரிவுகளெல்லாம் இறப்பர்க் காடாயின. உலகம் சில்லிலே ஓட வேண்டும் என்பதற்காகவே அங்கே பால்வெட்டும் கத்தி பிறந்தது எனலாம். ஆயினும் பால் வெட்டுகிறவன் வீட்டிலே ஒரு சில்லு உருள்வது இன்றும் எளிதான காரியமன்று.

2022ஆம் ஆண்டை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு மார்ச்சு மாதத்தில் ரூபாவின் பெறுமதி சரியத் தொடங்கியது. ஜூன் 26ஆந் திகதி ஒரு லீற்றர் பெற்றோலின் விலை 470 ரூபாவாயிற்று. மறுநாளிலிருந்து அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் இல்லை என்ற நிலையும் சில காலம் நிலவிற்று. தேயிலை, இறப்பர்த் தொழிலாளரின் நாட் சம்பளம் 2021இல் தான் 1,000 ரூபாவாக உயர்ந்திருந்தது. அரை நாள் உழைப்பு ஏறக்குறைய ஒரு லீற்றர் பெற்றோலுக்குச் சமம் என்றாயிற்று. பஸ் வண்டிகள் அருகின. பரணிலும் கோழிக்கூட்டின் மேலும் கிடந்த பழைய சைக்கிள் சட்டங்களை மக்கள் அப்போதுதான் மீண்டும் தேடி எடுத்தனர்.

அந்த வேளையில், எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டம் ஒன்றிலே ஓர் அண்ணனும் தம்பியும் இருந்தார்கள் என்று கொள்ளலாம். அண்ணன் பால் வெட்டுகிறான். தம்பி பட்டணத்துப் பாடசாலையிலே உயர்தர வகுப்பில் படிக்கிறான். பாடசாலை 5 மைலுக்கு அப்பால். பாட்டனார் தோட்டத்துக்குத் தப்பால் சுமந்த காலத்து றலிச் சைக்கிளின் சட்டம் வீட்டிலே கிடக்கிறது. அதைப் பூட்டித் தம்பிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அண்ணன் தீர்மானிக்கிறான்.

தோட்டத்திலே பணத்தை ரூபாவால் மட்டும் எண்ணுவதில்லை, பேரால் எண்ணுவர். ஒரு நாள் முழுதும் உழைத்தால் செக்ரோலிலே ஒரு பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். மழை பெய்த காலையில் பால்வெட்டு இல்லை. ஆகையால் பேர் என்பது கையிலே உள்ள நோட்டன்று. வானமும் உடம்பும் ஒத்துழைத்தால் மட்டுமே கிடைப்பது. அண்ணனும் பேரிலேதான் கணக்குப் போடுகிறான். இரண்டு டயர், இரண்டு டியூப், ஒரு செயின், ஓர் இருக்கை, கொஞ்சம் வர்ணம். எல்லாம் 12 பேரில் முடியும் என்பது அவன் எண்ணம்.

சில்லிலேயே முதற் சிக்கல் தொடங்குகிறது. மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவைத் தச்சர் குடம் என்பர். சுற்றை வட்டை என்பர். சைக்கிளிலே அவை ஹப், ரிம் எனப்படும். பழைய ரிம் துருப்பிடித்து டியூபைக் குத்துகிறது. அதனை மாற்றியே ஆக வேண்டும். பழைய ஆங்கில வண்டிகளிலே முன் சில்லுக்கு 32 கம்பியும் பின் சில்லுக்கு 40 கம்பியும் இருப்பது வழக்கம். இன்று கடையிலே எளிதாகக் கிடைக்கும் ரிம்மோ 36 துளை கொண்டது. முப்பத்திரண்டும் நாற்பதும் சேர்ந்தாலும் 72, இரண்டு முப்பத்தாறு சேர்ந்தாலும் 72. தொகை ஒன்றே, ஆயினும் ஒன்று மற்றொன்றுக்கு உதவாது. ரிம் வாங்கப் போனவன் ஹப்பும் வாங்குகிறான். ஹப் மாறியதால் கம்பியின் நீளமும் மாறுகிறது. 72 கம்பியும் புதிதாகின்றன. சில்லுப் பின்னி நெளிவு எடுப்பவருக்குக் கூலி தனியே. பின் ஹப் புதிதானதால் அதற்குரிய பிரீவீலும் வேண்டும்.

டயரிலும் ஏமாற்றம் உண்டு. 26 அங்குலம் என்ற ஒரே பெயரிலே வெவ்வேறு அளவுகள் விற்கப்படுகின்றன. டயர் அமரும் வட்டத்தின் குறுக்களவு பழைய 26 அங்குல வண்டிக்கு 590 மில்லிமீற்றர். மலைச் சைக்கிள் எனப்படும் புதுவகைக்கு 559 மில்லிமீற்றர். 28 அங்குலப் பெரிய வண்டிக்கோ 635. பெயரை நம்பி வாங்கியவன் வீடு வந்து மாட்டிப் பார்க்கும்போதுதான் 31 மில்லிமீற்றர் வித்தியாசம் தெரியும். கடைக்குத் திரும்பிப் போக ஒரு நாள். அந்த நாளுக்கு ஒரு பேர்.

அடுத்தது செயின். புதுச் செயினைப் பூட்டிப் பெடலை மிதித்தால் அது தாவுகிறது. பழைய செயின் தேய்ந்து நீண்டபோது முன் பல்சக்கரத்தின் பற்களையும் தன்னோடு தேய்த்துவிட்டது. பல்சக்கரத்தை மாற்றுவதென்றால் பெடல் தண்டையும் கழற்ற வேண்டும். தண்டை இறுக்கிய கொட்டர் பின் அடிபட்டு வளைகிறது. அத்தோடு நடு அச்சையும் அதன் இருபுறக் கிண்ணங்களையும் மாற்றிவிடலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். அங்கேதான் பெரிய இடறல். பிற ஆங்கில வண்டிகளின் கிண்ணத்திலே அங்குலத்துக்கு 24 மரை. றலித் தொழிற்சாலையோ தன் வண்டிகளுக்கு 26 மரை வெட்டியது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். பொருந்தாததை வலிந்து திருகினால் சட்டத்தின் மரையே அழிந்துபோகும். விலையின்றிக் கிடைத்த சட்டம் என்று மகிழ்ந்தவனுக்கு, பிற பாகங்களின் விலையையெல்லாம் ஏற்றுவது அந்தச் சட்டமே என்பது இப்போது புலனாகிறது.

இவ்வாறு 12 பேர் 18 ஆகி, 18 பேர் 25 ஆகிறது. தீபாவளி முற்பணம் சைக்கிளுக்குள்ளே போய்விட்டது. அது மாதாமாதம் சம்பளத்திலே கழியும். இடையிலே தம்பி ஆசைப்பட்டான் என்று ஒரு புதுக் கைபிடி. பழைய இருக்கை கிழிந்திருந்ததால் மெத்தென்ற ஒன்று. சட்டத்துக்குப் பச்சை வர்ணம். கண்ணுக்குத் தெரியும் பாகங்கள் எல்லாம் வந்துவிட்டன. வண்டி வாசலிலே நிற்கிறது. லயத்துப் பிள்ளைகள் மணியை அடித்துப் பார்க்கின்றனர்.

எஞ்சியிருப்பது பிரேக். பாட்டனார் காலத்து வண்டிக்கு இரும்புக் கம்பியால் இழுக்கும் பிரேக். அதன் கட்டைகள் ரிம்மின் உட்புறத்திலே, கம்பிகள் புகும் பக்கத்திலே போய் அழுந்தும். புதிய ரிம்மோ பக்கவாட்டிலே இரு கட்டைகள் கௌவிப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது. ஆகவே பழைய பிரேக் இதற்கு ஆகாது. முன்னும் பின்னும் புதுப் பிரேக்கும், அதற்குரிய நெம்பும் இழைக் கம்பியும் வாங்க வேண்டும். அண்ணன் கையிலே பணம் இல்லை. ‘அடுத்த சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம்; அதுவரை முன் பிரேக் ஒன்று போதும்’ என்று நினைக்கிறான்.

செலவு ஏறியது இக்கதையிலே பெரிய துன்பமன்று. ஏறிய செலவு எதனைக் கடைசிக்குத் தள்ளிற்று என்பதே துன்பம். இரத்தினபுரியிலே ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. தோட்டத்துப் பாதைகள் கொண்டை ஊசி வளைவாய் இறங்குபவை. பளபளப்புப் பூசிய உருக்கு ரிம் நனைந்தால் இறப்பர்க் கட்டை அதன்மேல் வழுக்கும். உலர்ந்த தெருவிலே நிற்கும் தூரத்தைப்போலப் பன்மடங்கு தூரம் ஓடிய பின்னரே வண்டி நிற்கும். அலுமினிய ரிம் மழையிலும் ஓரளவு நன்றாகப் பிடிக்கும். அதற்கு விலை சற்றுக் கூடுதல். சமவெளியிலே ஓடும் வண்டிக்கு ஓட்டம் முதன்மை. மலையிலே ஓடும் வண்டிக்கு நிற்பதே முதன்மை. பள்ளிக்கு இறங்கிப் போகிறவன் தம்பி.

‘இத்தனை பேருக்கு, ஓடிக்கொண்டிருந்த பழைய வண்டி ஒன்றையே முழுதாக வாங்கியிருக்கலாமே’ என்று அயலார் கூறுவர். கணக்கின்படி அது சரி. பாகங்களைத் தனித்தனியே வாங்கினால் ஒவ்வொன்றின் மீதும் கடைக்காரரின் இலாபமும் போக்குவரத்துச் செலவும் ஏறும். தொழிற்சாலை ஆயிரக்கணக்கிலே ஒருங்கே வாங்குகிறது. தனியொருவன் ஒவ்வொன்றாக வாங்குகிறான். ஆயினும் அயலார் ஒன்றை மறந்துவிடுகின்றனர். இருபது பேருக்குரிய பணத்தை ஒரே நாளிலே எடுத்துவைக்கத் தோட்டக் குடும்பத்தால் இயலாது. இந்த மாதம் ஒரு டயர், வரும் மாதம் ஒரு செயின் என்று வாங்கத்தான் இயலும். ஆகையால் பூட்டி எடுக்கும் வண்டியிலே கூடுதலாகப் போகும் பணம் அறியாமையின் தண்டமன்று. மொத்தப் பணம் இல்லாதவன் சிறுகச் சிறுகக் கொடுப்பதற்காகச் செலுத்தும் விலை அது. ஏழைக்கு எப்பொருளும் சற்று விலை கூடியே கிடைக்கிறது என்பதற்குச் சைக்கிளும் ஒரு சான்று.

அந்த விலையை அடியோடு ஒழிக்க முடியாது, குறைக்க முடியும். ஒரு காசும் செலவழிக்குமுன் நான்கு காரியங்களைப் பார்த்துக்கொள்வது நன்று. ஹப்பிலே எத்தனை துளை. டயரின் பக்கத்திலே பொறித்திருக்கும் அளவு என்ன. பிரேக் ரிம்மை எந்தப் பக்கத்திலே அழுத்துகிறது. நடு அச்சின் கிண்ணம் எத்தனை மரை. இந்நான்கையும் ஒரு கடதாசியிலே குறித்துக் கடைக்குக் கொண்டுபோனால் பாதி அலைச்சல் தீரும். றலியின் பழைய கிண்ணங்கள் குழி விழாமல் இருந்தால், கழுவி மசகிட்டு அவற்றையே மீண்டும் பூட்டலாம். செயினைச் சோதிக்க ஓர் அடிக்கோல் போதும். ஊசிக்கு ஊசி 12 அங்குலம் இருக்க வேண்டிய இடத்திலே அரைக்கால் அங்குலம் மிகுந்திருந்தால், செயினோடு பற்களையும் பார்க்க வேண்டும் என்று பொருள். உடைந்த வண்டி ஒன்று முழுதாகக் கிடைக்குமானால் அதை வாங்கிப் பாகங்களைக் கழற்றிக்கொள்வது, ஒவ்வொன்றாக வாங்குவதிலும் மலிவு. இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து சீட்டுப் பிடித்தால் மொத்தப் பணமும் ஒருவர் கைக்கு ஒரு தவணையிலே வந்துசேரும்.

இவை யாவற்றிலும் முக்கியமானது வாங்கும் ஒழுங்கு. முதலிலே ரிம்மும் பிரேக்கும். அவற்றின் பின் டயர். பிறகு செயினும் பல்சக்கரமும். பழைய இருக்கையிலே ஒரு சாக்குத் துண்டைக் கட்டிக்கொண்டும் பாடசாலைக்குப் போகலாம். துருப்பிடித்த சட்டத்தோடும் போகலாம். பணம் முடிந்துபோகும் இடத்திலே மிஞ்சி நிற்பது வர்ணமாக இருந்தால் எவருக்கும் கேடில்லை.

அந்த அண்ணன் அடுத்த சம்பளம் வரும்வரை வண்டியைத் தம்பியிடம் கொடுக்காமல் வாசற் சுவரிலே சாத்தி வைப்பானாயின், தம்பி இன்னும் ஒரு மாதம் 5 மைல் நடப்பான். நடந்து களைத்த கோபத்திலே இரண்டொரு சொல்லும் சொல்வான். பொறுத்துக்கொள்ளலாம். முப்பதாவது பேரும் விழுந்து, பின் பிரேக்கும் பூட்டிய பிறகு, மழையிலே அந்தச் சரிவில் முதல் தடவை இறங்கி, வளைவிலே வண்டி நிற்பதைக் காண்கிற அன்று, கணக்கு ஏன் முப்பதாயிற்று என்று தம்பிக்கே விளங்கும்.