வாய் திறக்கும் பிள்ளைக்கே பாடம்

சேர்ந்து படித்தால் பாடம் மனத்தில் நிற்குமா? விடை தேட எழும்பூர் வரை போனால் போதும். 1789இல் அங்கிருந்த ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல். இந்த மண்ணின் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்த அவர், தம் ஆசிரியர்கள் அதற்கு இணங்காதபோது ஒரு சிறுவனையே மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வைத்தார். 1797இல் லண்டனில் வெளிவந்த அவர் நூலால் இந்த 'மெட்ராஸ் முறை' பிற நாடுகளுக்கும் போனது. செலவு குறைவு என்பதால் அதைக் கொண்டாடினார்கள். நான் கேட்பது வேறு: அந்த ஏற்பாட்டில் யாருக்கு லாபம் அதிகம்? நம் திண்ணைப் பள்ளியில் மற்றவர்களுக்குப் பாடம் சொன்ன சட்டாம்பிள்ளையைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். பிறருக்குச் சொல்லச் சொல்லத் தனக்குத்தான் பாடம் ஏறுகிறது.

இதற்குச் சான்று உண்டு. ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைச் சிலர் இருமுறை படித்தார்கள். சிலர் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் போனதும் கதை மாறியது. அவர்களுக்கு நினைவிருந்தது 42 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. உள்ளே போட்டதை வெளியே எடுக்கும் உழைப்புதான் நினைவை உறுதியாக்குகிறது. பக்கத்தில் இருக்கும் பிள்ளை "அது ஏன்?" என்று கேட்கும்போது அந்த உழைப்பைத் தட்டிக்கழிக்க முடியாது.

"மூன்று பேர் கூடி நினைவுகூர்ந்தால், தனித்தனியே சொல்வதைச் சேர்த்துப் பார்ப்பதைவிடக் குறைவாகத்தானே சொல்கிறார்கள்?" என்று விவரம் தெரிந்தவர்கள் மறுப்பார்கள். உண்மைதான், அதையும் ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. ஒருவர் பேச்சு இன்னொருவர் நினைவின் வரிசையைக் கலைத்துவிடுகிறது. கெட்டிக்காரப் பிள்ளை சார்ட்டில் எழுத, மற்றவர்கள் பென்சில் சீவிக்கொண்டிருக்கும் குழுவும் நமக்குத் தெரியும் (அதற்கும் மதிப்பெண் போடுகிறோம், அது வேறு கதை). இவை குழுவை உட்காரவைத்த விதத்தில் உள்ள குறைகள். ஹார்வர்டில் எரிக் மசூர் தம் இயற்பியல் வகுப்பில் முதலில் ஒவ்வொருவரையும் தனியே விடை சொல்ல வைத்தார். பிறகுதான் பக்கத்தில் இருப்பவரோடு வாதம், அதன்பின் மறுபடி தனி விடை. அங்கே ஒளிந்துகொள்ள இடமில்லை.

"பாடத்தை முடிக்கவே நேரமில்லையே" என்பார்கள். நாற்பது நிமிட வகுப்பில் நாற்பது பிள்ளைகளையும் ஆசிரியரே ஒவ்வொருவராகக் கேட்டால், ஒரு பிள்ளை வாய் திறப்பது ஒரே நிமிடம். இரண்டிரண்டு பேராக மாறிமாறிச் சொல்ல விட்டால், ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம் கிடைக்கும்.