திறப்பு எங்கே இருக்கிறது?

(சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டிப் பொரளையில் நடைபெற்ற ஒன்றுகூடலில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)

உடல்நலம் பற்றி ஏதாவது பேசும்படி செயலாளர் கேட்டார். நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவோம் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பற்றி நாள்தோறும் வாட்ஸ்அப்பில் உங்களுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. இன்று நாங்கள் பேச வந்தது தீயைப் பற்றி. தீயை அணைக்க வருகிறவர்களைப் பற்றி. எரிகாயத்தோடு வாட்டுக்கு வருகிறவர்களை வைத்தியர்களாகிய நாங்கள் காண்கிறோம். அவர்களுடைய கதையில் பாதி, எங்களிடம் வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அந்தப் பாதியை மாற்றக்கூடியவர்கள் தீயணைப்புப் படையினரும் வீட்டிலிருக்கும் நாமுந்தான்.

பொரளையில் நின்று தீயைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியாது. 1983 யூலை 24ஆம் திகதி இரவு இந்தப் பொரளையில், கனத்தை மயானத்தடியில் தொடங்கிய வன்செயல்தான் அடுத்த நாட்களில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை என்று நகரெங்கும் பரவியது. எங்கள் வகுப்பில் பலர் அப்போது கைக்குழந்தைகள், சிலர் பிறக்கவேயில்லை. ஆனால் அம்மாமார் சொன்ன கதைகளோடுதான் வளர்ந்தோம். மதிலேறிக் குதித்த கதை, பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் அறைக்குள் ஒளித்து வைத்த கதை, முகாமில் வரிசையில் நின்ற கதை, கப்பலேறிய கதை. அந்தக் கதைகளில் வீடு எரியும். தீயணைப்பு வண்டி மட்டும் வராது.

யாரையும் குற்றஞ்சாட்ட இதைச் சொல்லவில்லை. அந்த நாட்கள் எங்கள் வீடுகளில் இரண்டு பழக்கங்களை விட்டுச் சென்றன. ஒன்று, கதவையும் யன்னலையும் இரும்பால் அடைப்பது. மற்றது, ஆபத்தென்றால் சொந்தக்காரரை மட்டும் கூப்பிடுவது. அன்று இரண்டுக்கும் நியாயம் இருந்தது. இன்று அவையே எங்களுக்கு ஆபத்தாகியிருக்கின்றன என்பதைச் சொல்லத்தான் இங்கு நிற்கிறோம்.

நாங்கள் மேல்வகுப்புக்கு வந்த வயதில் தீ வேறு முகத்தோடு வந்தது. 1995 ஒக்டோபர் 20ஆம் திகதி கொலன்னாவையிலும் ஒருகொடவத்தையிலும் எண்ணெய்க் குதங்கள் தாக்கப்பட்டன. பொரளைக்கு அவை எவ்வளவு கிட்ட என்று உங்களுக்குத் தெரியும். மூன்று மாதம் கழித்து, 1996 சனவரி 31ஆம் திகதி காலை, கோட்டையில் மத்திய வங்கியின் முன் குண்டு வெடித்தது. 90க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். வகுப்பறையில் இருந்த எங்களில் எத்தனையோ பேருடைய அப்பாமார் கோட்டையில் வேலை செய்தவர்கள். அன்று பின்னேரம்வரை யாரும் யாரோடும் பேசவில்லை.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அப்பா இரவாகித்தான் வீடு வந்து சேர்ந்தார். புகை நிறைந்த கட்டடத்திலிருந்து அவரைத் தோளில் தாங்கிக் கீழே கொண்டுவந்தவர் ஒரு தீயணைப்பு வீரர். "பெயரைக் கேட்கவில்லை, பிள்ளை. அவரும் என் பெயரைக் கேட்கவில்லை" என்று அவர் பின்னர் பலமுறை சொன்னார். அந்தக் காலத்தில் கொழும்பில் எங்கள் பெயரைக் கேட்காமல் யாரும் எங்களுக்கு எதுவும் செய்ததில்லை. சோதனைச் சாவடியில் கேட்டார்கள், வாடகை வீட்டுக்குக் கேட்டார்கள், லொட்ஜில் கேட்டார்கள். எரிகிற கட்டடத்துக்குள் வந்தவர் மட்டும் கேட்கவில்லை.

அவர்கள் யார்? கொழும்பில் தீயணைப்புச் சேவை மாநகர சபைக்குரியது. மருதானை டி. பி. ஜாயா மாவத்தையில் அதன் தலைமை நிலையம் இருக்கிறது. 110 என்று அழுத்தினால் அவர்களோடு பேசலாம். நாம் கட்டும் சோலைவரியிலும் அவர்களுக்கு ஒரு பங்கு உண்டு. ஆகவே கூப்பிடக் கூச்சப்பட வேண்டியதில்லை. தீ மட்டும் அவர்களுடைய வேலையல்ல. மரம் முறிந்து விழுந்தாலும், வெள்ளம் வந்தாலும், கட்டடம் சரிந்தாலும் அவர்கள்தான். 2017 மே மாதம் வெள்ளவத்தையில் சவோய் திரையரங்குக்கு அருகே மாடிக் கட்டடமொன்று இடிந்து விழுந்த நாளை அந்தப் பக்கத்து அக்காமார் மறந்திருக்கமாட்டார்கள். புதிய மாடிக் கட்டடங்களில் தப்பும் படிக்கட்டும் தண்ணீர்க் குழாயும் ஒழுங்காக உள்ளனவா என்று பார்ப்பதும் தீயணைப்புத் திணைக்களத்தின் பொறுப்பு. யாழ்ப்பாணத்திலும் மாநகர சபையிடம் இந்தச் சேவை உண்டு.

இனி, எங்களிடம் வந்த ஓர் அம்மாவின் கதை. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், நான்காம் மாடியில் அவரும் கணவரும் தனியாக இருந்தார்கள். பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில். ஒரு வெள்ளிக்கிழமை மாலை சாமியறையில் விளக்கேற்றிவிட்டுக் குசினிக்குப் போயிருக்கிறார். காற்றுக்குத் திரைச்சீலை பறந்து விளக்கில் பட்டுவிட்டது. அந்த அம்மா முதலில் யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? ரொறன்ரோவில் இருந்த மகனை. அங்கே விடியற்காலை. மகன் எழும்பி, இலண்டனிலிருந்த அக்காவைக் கூப்பிட்டு, அக்கா தெகிவளையிலிருந்த மச்சானைக் கூப்பிட்டு, மச்சான் 110ஐக் கூப்பிட்டார். செய்தி உலகத்தைச் சுற்றித் திரும்பி வருவதற்குள் சாமியறை எரிந்து முடிந்துவிட்டது.

வண்டி வந்தது. ஒழுங்கையின் இரண்டு பக்கமும் கார்கள். குழாயை இழுத்துக்கொண்டு வீரர்கள் ஓடி வந்தார்கள். மேலே வந்தால் வாசலில் இரும்புக் கிறில். அதில் இரண்டு பூட்டு. திறப்பு தலையணைக்குக் கீழே. அறை முழுக்கப் புகை. பூட்டை வெட்டித்தான் உள்ளே போனார்கள். இருவரும் பிழைத்தார்கள். ஆனால் தீயைக் கையால் அணைக்கப் போன அம்மாவின் இரண்டு கைகளும் பழைய நிலைக்கு வரவில்லை. "பிள்ளை, கள்ளனுக்குப் பயந்து பூட்டினோம்" என்றார். கள்ளனுக்கு மட்டுமா பயந்தோம் என்று அவரும் நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

1935ஆம் ஆண்டு இலண்டனில், விம்போல் வீதியில் இருந்த ஒரு சத்திரசிகிச்சை வைத்தியரின் வீடு எரிந்தது. ஐந்து பெண்கள் இறந்தார்கள். எதிர்வீட்டிலிருந்தவர் தீயணைப்புப் படையைக் கூப்பிட முயன்றார். தொலைபேசி நிலையம் அவரையும் மற்ற அழைப்புகளோடு வரிசையில் காக்கவைத்தது. அவர் டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதினார். அதன் விளைவாக 1937 யூன் 30ஆம் திகதி இலண்டனில் 999 என்ற இலக்கம் நடைமுறைக்கு வந்தது. அவசரத்துக்கென்று தனி இலக்கம் வைக்க அங்கே ஐந்து உயிர்கள் போகவேண்டியிருந்தது. எங்களுக்கு 110 ஏற்கெனவே இருக்கிறது. நாம் அதை அழுத்த வேண்டியதுதான்.

அழைக்கும்போது மொழி தடுமாறுமே என்று சில அக்காமார் சொல்கிறார்கள். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழிதான். ஆனால் எரிகிற வீட்டில் நின்று அரசியலமைப்புப் பேச நேரமில்லை. ஒரு கடதாசியில் உங்கள் கதவிலக்கம், வீதி, மாடி, பக்கத்திலுள்ள கோயிலோ கடையோ, இவற்றை மூன்று மொழியிலும் எழுதித் தொலைபேசிக்கு அருகில் ஒட்டிவையுங்கள். சிங்களத்தில் எழுதப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கள். அதைச் சாட்டாக வைத்துப் பக்கத்து வீட்டோடு நாலு வார்த்தை பேசியதாகவும் இருக்கும். அழைத்தால் எங்கே, என்ன எரிகிறது, உள்ளே யார் சிக்கியிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். அவர்கள் வைக்கும்வரை நீங்கள் வைக்காதீர்கள்.

வண்டி எவ்வளவு விரைவாக வந்தாலும் அதற்கு முன்னுள்ள நிமிடங்கள் எங்களுடையவை. அந்த நிமிடங்களுக்குச் சில சொற்கள்.

தாச்சியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. அடுப்பை நிறுத்தி, மூடியால் மூடிவிட்டு விலகுங்கள். காஸ் மணந்தால் மின்விளக்கைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேற்றரை மூடி, யன்னலைத் திறந்து, வெளியே போங்கள். 2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நாடெங்கும் காஸ் தொடர்பாக நூற்றுக்கணக்கான வெடிப்புகளும் தீயும் ஏற்பட்டபோது எல்லா வீட்டிலும் இந்தக் கவனம் இருந்தது. இப்போது குறைந்துவிட்டது. புகை நிறைந்தால் நிமிர்ந்து நடக்க வேண்டாம். நிலத்தோடு தவழ்ந்து போங்கள். பெரும்பாலும் தீ வந்து தொடுமுன் புகைதான் ஆளைக் கொல்கிறது. உடையில் தீப்பிடித்தால் ஓடக்கூடாது. நிலத்தில் விழுந்து உருளுங்கள். நைலோன் சேலையும் ஹவுஸ்கோட்டும் உருகித் தோலில் ஒட்டும். குசினிக்குப் பருத்தியே நல்லது.

எரிகாயம் பட்டால் இருபது நிமிடம் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் பிடியுங்கள். ஐஸ் வேண்டாம். வீங்குமுன் காப்பையும் மோதிரத்தையும் கழற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிடுங்காதீர்கள். சுத்தமான துணியால் மூடிக்கொண்டு வாருங்கள். பற்பசை, முட்டை, தேங்காயெண்ணெய் எதுவும் பூசவேண்டாம். சுடுதண்ணீர் கொட்டிய குழந்தையின் மேலிருந்து பற்பசையைக் கழுவி எடுக்கும்போது அந்தக் குழந்தை அழுகிற அழுகையை ஒருமுறை கேட்டவர்கள் பிறகு பூசமாட்டார்கள்.

வைத்தியர்களாகிய நாங்கள் பெருமையோடு நினைக்கும் ஒருவர் உண்டு. சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குப்பி விளக்குக் கவிழ்ந்து எரிந்து வருகிறவர்களுக்குச் சிகிச்சை செய்து சலித்துப்போனார். 1992இல் மார்மைட் போத்தலைப் பார்த்து, கட்டையான, கவிழாத ஒரு விளக்கை உருவாக்கினார். இரண்டு பக்கம் தட்டை, விழுந்தாலும் உருளாது. திருகும் உலோக மூடி, எண்ணெய் கொட்டாது. இலட்சக்கணக்கில் அது வீடுகளுக்குப் போனது. 1998இல் ரோலெக்ஸ் விருதும் கிடைத்தது. ஒரு போத்தலின் வடிவம் மாறியதால் எத்தனையோ பேர் வாட்டுக்கு வரவேண்டியிருக்கவில்லை. தீயணைப்புப் படையின் வேலையிலும் பெரும் பங்கு இப்படிப்பட்டதே. பற்றாத தீயைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வருவதில்லை.

அன்புச் சகோதரிகளே, நூற்றாண்டை நினைவுகூர்ந்து மண்டபமும் மலரும் செய்கிறோம். இன்னொன்றும் செய்வோமா? ஆண்டுக்கு ஒருநாள் தீயணைப்புப் படையினரைப் பாடசாலைக்கு அழைப்போம். பிள்ளைகள் மணியடித்ததும் வரிசையாக வெளியேறப் பழகட்டும்; அந்த வீரர்களுக்கு ஒரு கோப்பை தேநீர் கொடுத்து அவர்களுடைய பெயரைக் கேட்கட்டும். எங்கள் தோழியின் அப்பா கேட்காமல் விட்ட பெயர் அது.

தூர தேசத்தில் இருந்து இந்த மலரை வாசிக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசும்போது சாப்பாட்டையும் குளிசையையும் பற்றிக் கேட்பீர்கள். அதோடு இதையும் கேளுங்கள்: "அம்மா, கிறில் திறப்பு எங்கே இருக்கு?" கதவுக்குப் பக்கத்தில், கள்ளன் கைக்கு எட்டாத ஓர் ஆணியில் என்று பதில் வரவேண்டும். வராவிட்டால் தொலைபேசியை வைக்காமல் இருந்து, அம்மா ஆணியில் கொழுவும்வரை காத்திருங்கள். பிறகு இன்னொன்றும் சொல்லுங்கள். "ஏதாவது நடந்தால் எனக்கு எடுக்காதேங்கோ அம்மா. 110க்கு எடுங்கோ. எனக்குப் பிறகு சொல்லலாம்."