பிரித்துத் தைக்க ஓர் அங்குலம்



திருப்பூர் பனியன் கம்பெனிகளில் துணியை அடுக்கடுக்காக மேசைமேல் விரித்து உடல், கை, கழுத்து என்று வெட்டி எடுப்பார்கள். வெட்டியது போக ஓரங்களில் கோணலும் மாணலுமாகத் துண்டுகள் மிஞ்சும். கட்டிங் வேஸ்ட் என்று அதற்குப் பெயர். அதை யாரும் குப்பையில் கொட்டுவதில்லை. எடைபோட்டு வாங்கிப் போக வியாபாரிகள் இருக்கிறார்கள். அவர்களுடைய கிடங்குகளில் பெண்கள் உட்கார்ந்து அந்தத் துண்டுகளை நிறம்வாரியாகப் பிரிக்கிறார்கள். பிரித்த துணி, பல் வைத்த உருளைகளுக்கு இடையில் கிழிபட்டு மறுபடி பஞ்சாகி, ஓபன் எண்ட் எனப்படும் நூற்பு மில்லில் நூலாகிறது. நாம் தரை துடைக்கும் துணியிலும் விரிக்கும் ஜமுக்காளத்திலும் இப்படி மறுபிறவி எடுத்த பஞ்சு இருக்கலாம்.

நிறம் பிரிக்கும் அந்தக் கைகளின் அருமையை நாம் சரியாக உணரவில்லை என்பது என் எண்ணம். சிவப்புத் துண்டிலிருந்து வருகிற பஞ்சு சிவப்பாகவே இருக்கும். அதற்குத் திரும்பவும் சாயம் ஏற்ற வேண்டாம். சாயம் வேண்டாம் என்றால் என்ன பொருள் என்பதை நொய்யல் ஆற்றங்கரை விவசாயிகளிடம் கேட்க வேண்டும். அந்த ஆற்றில் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் இடமாகிப் போனதை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது.

கம்பளித் துணியில் இதே வேலையை அரியானாவின் பானிப்பட் செய்கிறது. வெளிநாடுகள் கழித்துப்போட்ட கம்பளி உடைகள் அங்கே கிழிக்கப்பட்டுப் போர்வைகளாகின்றன. வெள்ளத்திலும் நிலநடுக்கத்திலும் வீடிழந்தவர்களுக்குக் கொடுக்கும் போர்வைகளில் பல அங்கே நெய்தவை. இந்தத் தொழில்நுட்பம் புதியதும் அல்ல. இங்கிலாந்தின் பேட்லியில் பெஞ்சமின் லா என்பவர் 1813-லேயே பழங்கம்பளியைக் கிழித்து நூற்கும் வழியைக் கண்டுபிடித்தார்.

இவ்வளவு இருந்தும், பழைய துணியைக் கொடுத்துவிட்டால் அது புதிய துணியாகத் திரும்பி வந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். கட்டிங் வேஸ்ட் வேறு, நாம் உடுத்திக் கழித்த சட்டை வேறு. கம்பெனியில் மிஞ்சிய துண்டு என்ன நூல், என்ன நிறம் என்பது தெரியும். நம் சட்டையில் பொத்தான் இருக்கிறது. ஜீன்ஸில் ஜிப்பும் லைக்ராவும் இருக்கின்றன. பருத்தியென்று நினைக்கும் துணியில் பல நேரம் பாலியஸ்டரும் கலந்திருக்கிறது. பின்னிக் கலந்துவிட்ட இந்த இழைகளைப் பிரிப்பது மிகக் கடினம். தூய பருத்தியாகவே இருந்தாலும் கிழிக்கும்போது இழை குட்டையாகிவிடும். அதனால் நூல் தடிமனாகத்தான் வரும், புதுப் பஞ்சோ வேறு இழையோ கலந்தால்தான் உறுதி வரும். உலகம் முழுவதும் ஆடைக்காகச் செலவாகும் மூலப்பொருளில் 1 சதவீதத்துக்கும் குறைவுதான் மறுபடி ஆடையாகிறது என்று எலன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

ஆகவே சட்டையைச் சட்டையாகவே நீண்ட நாள் வைத்திருப்பதுதான் முதல் வேலை. கிழித்துப் பஞ்சாக்குவது கடைசியில் வரட்டும்.

இதில் நம் தையற்காரர்கள் பெரிய ஞானிகள். ரவிக்கை தைக்கும்போது பக்கத் தையலில் ஓர் அங்குலம் துணியை உள்ளே விட்டு, இரண்டு மூன்று வரி தையல் போடுவார்கள். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் ஆனால் ஒரு வரியைப் பிரித்தால் போதும். சிறுமிக்குப் பட்டுப்பாவாடை தைத்தால் கீழே டக் பிடித்துவிடுவார்கள். வளர வளர ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம். டக் இருந்த இடத்தில் கோடு தெரிகிறதா? அதன்மேல் சரிகை லேஸ் ஒன்றை ஓட்டிவிடுவார்கள். சட்டைக் காலர் மடிப்பில் நைந்துபோனால் பிரித்தெடுத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி வைத்துத் தைத்துத் தருவார்கள். சேலைக்கு ஃபால்ஸ் பட்டை தைப்பதும் இதே அறிவுதான். தரையில் உரசித் தேய்வது அந்தப் பட்டைதான், சேலை தப்பிக்கும். தேய்ந்தால் பட்டையை மட்டும் மாற்றலாம்.

ரெடிமேட் துணியில் இந்த இடம் மறைந்துகொண்டே வருகிறது. ஓவர்லாக் இயந்திரம் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும். பிரித்துவிட உள்ளே கால் அங்குலம்கூட மிஞ்சாது. அடுத்த முறை கடையில் சுடிதாரோ சட்டையோ எடுக்கும்போது விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பக்கத் தையலில் எவ்வளவு துணி இருக்கிறது, கீழ் மடிப்பு எவ்வளவு அகலம், பொத்தான் இழுத்தால் ஆடுகிறதா என்று பாருங்கள். பள்ளிச் சீருடைக்கு இது மிக முக்கியம். மடிப்பு அகலமாக இருந்தால் ஒரு வருடம் கூடுதலாக ஓடும்.

பிரான்சில் துணியையும் காலணியையும் பழுதுபார்த்தால், வேலையைப் பொறுத்து 6 முதல் 25 யூரோ வரை பில்லிலேயே குறைத்துக்கொள்ளும் முறை 2023 நவம்பரில் தொடங்கியது. துணி விற்கும் நிறுவனங்கள் கட்டும் தொகையிலிருந்து அந்தப் பணம் வருகிறது. செய்து விற்றவர் அதன் பழுதுக்கும் பங்கு தரவேண்டும் என்ற அந்த முறை எனக்கு நியாயமாகப் படுகிறது. நம் ஊரில் தெருமுனையில் மிஷின் போட்டு ஆல்ட்ரேஷன் செய்பவருக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. அவரிடம்தான் ஒரு ஜிப் மாற்ற நாம் பேரம் பேசுகிறோம். புதிதாய்த் தைப்பதைவிடப் பிரித்துத் தைப்பது கடினம். பழைய தையலை இழை அறுபடாமல் எடுக்கப் பொறுமை வேண்டும், கண் வேண்டும். கேட்ட கூலியைக் கொடுங்கள்.

அலமாரியில் இடுப்பு இறுகியதாலோ பொத்தான் விழுந்ததாலோ ஒதுக்கிவைத்த துணிகள் இருக்கும். அவற்றைத் துவைத்து, எங்கே என்ன பழுது என்று ஊசி குத்தி அடையாளம் வைத்து எடுத்துப் போங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மட்டும் வேண்டாம். அப்போது புதுத்துணி குவிந்து அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கார்த்திகை பிறந்த பிறகு போனால் நிதானமாக உட்கார்ந்து செய்து தருவார்கள்.