ஆராய்ச்சி மணியும் வேலையிழந்தோர் முறையீடும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வேலையிழந்த தொழிலாளி, தனக்கு மறுக்கப்பட்ட காப்பீட்டுத் தொகையைக் குறித்து முறையிடும் வழி எங்ஙனம் அமைதல் வேண்டும் என்பதே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள். தமிழ் கற்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். முறை வேண்டி நிற்பானுக்கும் முறை செய்வானுக்கும் உள்ள தொடர்பு நம் இலக்கியங்கள் தொன்றுதொட்டு ஆராய்ந்து வரும் பொருளேயாம். அன்றியும், நம் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் கனடா முதலிய நாடுகளில் தொழில் செய்து வாழ்கின்றனர். அவர்தம் ஊதியத்தினின்றும் இக்காப்பீட்டுக்கென ஒரு பகுதி பிடிக்கப்படுகின்றது. ஆதலின் இது நமக்குப் புறம்பான செய்தி அன்று.

வேலையின்மைக் காப்பீடு என்பது யாது? தொழிலாளி வேலையில் இருக்குங்கால் அவனிடமிருந்தும் முதலாளியிடமிருந்தும் ஒவ்வொரு பகுதி பெற்றுப் பொதுநிதியாகச் சேர்த்து, அவன் வேலையிழந்து நிற்குங்கால் அந்நிதியினின்றும் சில காலம் உதவுவதாகும். இஃது இரப்போர்க்கு இடும் ஈகையன்று. முன்னரே செலுத்திய பணத்தாற் பிறந்த உரிமை. நாடு தழுவிய கட்டாயச் சட்டமாக இதனை முதற்கண் இயற்றியது பிரிட்டன், ஆண்டு 1911. கட்டட வேலை, கப்பல் கட்டுதல், இயந்திரத் தொழில் முதலிய சில தொழில்களைச் சார்ந்தோர்க்கு வாரத்திற்கு 7 ஷில்லிங்கு வீதம், ஓராண்டில் 15 வாரம் வரை, உதவி வழங்க அச்சட்டம் வகை செய்தது.

இனி, வழக்குப் பிறக்கும் இடத்தைப் பார்ப்போம். தக்க காரணமின்றி வேலையைத் தானே விட்டவனுக்கும், தன் தீயொழுக்கத்தால் நீக்கப்பட்டவனுக்கும் உதவி மறுக்கப்படும். தக்க காரணம் யாது? தீயொழுக்கம் யாது? முதலில் இவற்றை முடிவு செய்பவர் அலுவலகத்து அதிகாரி. அவர் முன் இருப்பன தாள்களே. மேற்பார்வையாளன் இழிசொல் பொறுக்கமாட்டாது வெளியேறிய பெண்ணைப் பற்றி, "தானே விலகினாள்" என்ற இரு சொற்களே தாளில் இருத்தல் கூடும். ஆங்குதான் அப்பீல் என்று நாம் வழங்கும் மேன்முறையீடு வேண்டப்படுகின்றது.

1911-ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றியோர் இதனை உணர்ந்திருந்தனர். அதிகாரியின் முடிவை ஏற்காதவன், மூவர் அமர்ந்த மன்றத்தின்முன் செல்லலாம். மூவருள் ஒருவர் தொழிலாளர் சார்பினர். ஒருவர் முதலாளிகள் சார்பினர். நடுவே ஒரு தலைவர். அதற்கும் மேலே நடுவர் ஒருவர் இருந்தார். இவ்வமைப்பையே கனடா நாடும் பின்பற்றிற்று. அந்நாட்டில் 1935-ல் இயற்றிய காப்பீட்டுச் சட்டம், மைய அரசுக்கு அவ்வதிகாரம் இல்லையென்று 1937-ல் இலண்டன் பிரிவி கவுன்சிலால் தள்ளப்பட்டது. பின்னர் அரசியலமைப்பையே திருத்தி, 1940-ல் புதிய சட்டம் கண்டனர். அதன் கீழும் மூவர் மன்றங்கள் நாட்டின் பல ஊர்களிலும் அமர்ந்து முறையீடு கேட்டு வந்தன.

இம்மன்றங்களின் அருமை யாது? தொழிற்சாலையின் உள்ளே நடப்பது தொழிற்சாலையை அறிந்தவனுக்கே விளங்கும். இழிசொல்லின் கொடுமையைத் தொழிலாளர் சார்பினர் அறிவார். வருகைப் பதிவேடும் கணக்கும் பொய்க்கும் இடத்தையும் பொய்க்காத இடத்தையும் முதலாளி சார்பினர் அறிவார். இருவரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வருங்கால், தோற்றவனும் "என் நிலை அறிந்தோர் கேட்டுத் தீர்த்தனர்" என்று மனம் அமைவான்.

இத்தகைய மன்றங்களைக் கனடா அரசு 2013-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாளினின்றும் நீக்கத் தொடங்கியது. முதியோர் ஓய்வூதிய வழக்குகளையும் இக்காப்பீட்டு வழக்குகளையும் ஒன்றாக்கிச் சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயம் என ஒன்றை நிறுவியது. மூவர் இருந்த இடத்தில் ஒருவரே அமர்ந்தார். நேரில் நின்று பேசியோர் பலர் தொலைபேசியிற் பேசும்படி ஆயினர். அன்றியும், முறையீட்டுக்கு முன்னர், முடிவு செய்த அதே துறையினிடம் மறு ஆய்வு கேட்டேயாக வேண்டுமென்றும் விதித்தனர். செலவு குறையும், வேலை விரையும் என்பன சொல்லப்பட்ட காரணங்கள். நடந்ததோ வேறு. வழக்குகள் தேங்கின, முறையிட்டோர் நெடுநாள் காத்து நின்றனர். தொழிற்சங்கங்கள் மட்டுமேயன்றி முதலாளிகள் தரப்பினரும் பழைய மூவர் முறையின் நன்மையை எடுத்துரைத்தனர். 2019-ல் அரசு மீண்டும் மூவர் முறைக்குத் திரும்புவதாக அறிவித்தது. 2023-ல் அதற்கான சட்டமும் நிறைவேறியது. நீக்குவதற்கு ஓராண்டு போதுமாயிற்று. மீண்டும் சட்டமாக்கவோ பத்தாண்டு கடந்தது.

காலத்தாழ்வு பெரும் பிழையோ எனின், பெரும் பிழையேயாம். சிலப்பதிகாரத்தை நினைமின். பொற்கொல்லன் ஒருவன் சொல்லைக் கேட்டு, கோவலனை அழைத்து ஒரு வார்த்தையும் வினவாது, பாண்டியன் ஆணையிட்டான். பின்னர்க் கண்ணகி வழக்குரைத்தாள். சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள். மன்னனும் தன் பிழையை ஒப்பினான். தீர்ப்புத் திருந்தியது, கோவலன் உயிர் மீண்டிலது. வேலையிழந்தவன் இல்லத்தில் அரிசிப் பானை ஆறு மாதம் காத்திராது. வாடகைக்காரர் காத்திரார். ஆறாம் மாதத்தில் "உன் பக்கமே நீதி" என்று வரும் ஓலை, பட்ட கடனின் வட்டியைத் தீர்க்கமாட்டாது.

வினவாது தீர்ப்பதன் தீமைக்கு மற்றொரு சான்றும் அணித்தே உளது. டெட்ராய்ட் ஆற்றின் ஒரு கரையில் கனடாவின் வின்ட்சர் நகரமும், மறுகரையில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலமும் இருக்கின்றன. அம்மாநிலத்தில் 2013 முதல் 2015 வரை, காப்பீட்டில் மோசடி செய்தவர் இன்னாரென்று கணிப்பொறியே முடிவு செய்யும்படி விட்டனர். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டதோடு, அதற்கு நான்கு மடங்கு தண்டமும் விதிக்கப்பட்டது. அறிவிப்புகளோ, பலர் திறந்து பாராத பழைய கணக்குகளுக்கு அனுப்பப்பட்டன. முறையிடும் கெடு தம்மையறியாமலே கழிந்தது. பின்னர் மனிதர் அமர்ந்து 22,427 முடிவுகளை மறுபடி ஆராய, நூற்றுக்கு 93 பிழையெனத் தெரிந்தது. 2022-ல் அம்மாநிலம் 2 கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்க்க உடன்பட்டது. இடைக்காலத்தில் வீடிழந்தோரும் கடன்பட்டு நொடித்தோரும் உளர். எந்திரம் விரைவாக எண்ணும், ஒருவன் முகத்தை நோக்கி, "நின் தரப்பு யாது?" என்று வினவ அதற்கு இயலாது.

மூவர் மன்றத்துக்குத் தடை கூறுவோரும் உளர். மூவருக்குப் படி கொடுத்தல் வேண்டும். சட்டம் கல்லாதார் தீர்ப்பு ஊருக்கு ஊர் வேறுபடும் என்பர். இவை புறக்கணிக்கத்தக்கன அல்ல. தலைவராயினார் சட்டம் பயின்றவராயிருப்பின், தீர்ப்புகள் காரணங்களோடு எழுதி வெளியிடப்பெறின், வேறுபாடு குறையும். செலவைப் பற்றியோவெனில், முறையாகக் கேளாத தீர்ப்பின் செலவை மிச்சிகன் மாநிலம் நமக்குக் கணக்கிட்டுக் காட்டிவிட்டது.

மறு ஆய்வு வேண்டாவென்று யான் கூறவில்லை. எழுத்துப் பிழையும் கணக்குப் பிழையும் அதனால் எளிதில் தீரும். ஆயினும் முறையிடுவானுக்கு 30 நாள் என்று எல்லை கட்டும் சட்டம், ஆராயும் துறைக்கும் எல்லை கட்டுதல் வேண்டும். அந்நாட்கள் கழியின், அவன் நேரே மன்றத்தை அடையும் உரிமை பெறுதல் வேண்டும். இல்லையேல் மறு ஆய்வு, வாயிலாக இராது மதிலாக நின்றுவிடும்.

மனுச்சோழன் வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியை நாம் அனைவரும் அறிவோம். அரசன் தன் மகனையும் விட்டிலன் என்பதையே பெரிதும் புகழ்கின்றோம். யான் மாணவர்க்குச் சொல்வது வேறொன்றும் உளது. கன்றிழந்த பசு தன் கொம்பினால் எட்டி அசைக்கும் தாழ்விலே அம்மணி தொங்கியது! உயரத்தில் தொங்கியிருப்பின், அரசன் எத்துணை நேர்மையுடையனாயினும் பசுவின் துயரை அறிந்திரான். முறையீட்டு வழியைத் திருத்துவோர் முதற்கண் அளந்தறிய வேண்டுவது இவ்வுயரமே.

வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகளுக்கு எழுதுங்கால் நீங்கள் இவற்றைத் தெரிவிப்பீர்களாக. வேலை நீங்கிய சான்றையும் முதலாளி எழுதிய கடிதங்களையும் பாதுகாத்தல் வேண்டும். கனடாவில் அதிகாரியின் முடிவு கிடைத்த 30 நாட்களுக்குள் மறு ஆய்வு கேட்டல் வேண்டும். அதுவும் பாதகமாயின், அடுத்த 30 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்தல் வேண்டும். மறுப்பு வந்ததென்று நாணி வாளா இருத்தல் ஆகாது. உரிமையைக் கேட்பதில் நாணம் இல்லை.

நம் சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம் செய்து முடிக்கின்றேன். கல்வி உதவி நிதிக்கு விண்ணப்பிக்கும் ஏழை மாணவரை ஏற்பதும் மறுப்பதும் ஒரே குழுவின் கையில் உள்ளன. மறுக்கப்பட்ட மாணவன் முறையிடுவதும் அக்குழுவினிடமே. அக்குழுவில் இராத மூவரைத் தேர்ந்து, அவருள் ஒருவர் முன்பு அவ்வுதவி பெற்றுப் படித்தவராக அமைத்து, ஒரு திங்களுக்குள் முறை கேட்கச் செய்வோமாக. பிற நாட்டார் சட்டத்தை ஆராய்ந்ததன் பயன் நம் வாயிலிலும் ஒரு மணி தொங்குவதேயாகும். அதனைப் பிள்ளைகள் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கவிடுவோம்.